சாய்ந்த முத்திரை

தம்பி ஹோல்கரைப் பற்றி ராக்னில்டுக்குச் சேதி வந்ததெல்லாம் பன்றிகளின் நுரையீரல் வழியாகத்தான். மற்ற வழிகளை அவளே அடைத்துக்கொண்டாள்.

யூட்லாந்தின் அந்த இறைச்சிக் கூடத்தில் கொக்கியில் தொங்கி வரும் பன்றிகளின் நெஞ்சைச் சோதிப்பது அவள் வேலை. கிருமி புகுந்த பண்ணை என்றால் நுரையீரல் பசை போட்டதுபோல் விலாவோடு ஒட்டியிருக்கும். ஒரு வருஷம் ஹோல்கர் பண்ணையின் பன்றிகள் அப்படித்தான் வந்தன. உள்ளதை உள்ளபடி பதிந்தாள். பண்ணைக்குக் கெட்ட பெயர். "நீ அக்காவா, கத்தியா?" என்று கேட்டுப் போனை வைத்தான் அவன். இவள் மட்டும் லேசுப்பட்டவளா? அன்றோடு பேச்சு முறிந்தது.

ஆனால் லாரியில் ஏற்றும் முன் பன்றியின் தொடையில் முள் சுத்தியலால் பண்ணை எண்ணை அடித்து மை ஏற்ற வேண்டுமே! ஹோல்கர் இடதுகைக்காரன். அவன் அடிக்கும் எண் எப்போதும் இடப்பக்கம் சாய்ந்தே விழும். அதைப் பார்த்தால், தம்பி நடமாடுகிறான் என்று அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி. அவன் மனைவி விட்டுப்போன குளிர்காலத்தில் கவனிப்பில்லாமல் பன்றிகளின் நெஞ்செல்லாம் புண். அதைப் பார்த்த அன்று தனியாகச் சாப்பிட உட்கார்ந்தவளுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. போன் செய்யவும் வீம்பு விடவில்லை.

இந்த இலையுதிர் காலத்தில் எண் நேராக விழுந்தது. நுரையீரல்களோ அவ்வளவு சுத்தம்!

"என்னடி, வாயெல்லாம் பல்லா இருக்கு?" என்றாள் பக்கத்தில் நின்று வெட்டும் பென்டே.

"நம்ம ஹோல்கர் பன்னிங்க. புதுச் சுத்தியல் வாங்கிட்டான் போல. ஒரு வழியா தேறிட்டான்டி."

ஞாயிறன்று தேன் கேக்கோடு கிளம்பினாள். கதவைத் திறந்தது, பண்ணையைக் குத்தகைக்கு எடுத்திருந்த பக்கத்து நிலத்து யெப்பே.

"உங்களுக்குத் தெரியாதா? அவருக்குப் பக்கவாதம். கோடையிலயே இடது கை போச்சு. இப்போ ஆள் அடையாளமும் தெரியல, முதியோர் இல்லத்துல கிடக்கார்."

"எனக்கு ஏன்பா சொல்லல?"

"அவர்தான் வேண்டாம்னார். 'நம்பரைச் சாய்ச்சு அடிடா, நேரா இருந்தா அக்கா பதறிடுவா'ன்னார். மனுஷன் ஏதோ உளறுறார்னு நான்தான் விட்டுட்டேன்."

பதறவில்லையே பாவி! நேராக விழுந்த எண்ணைப் பார்த்துச் சிரித்தல்லவா நின்றாள்!

இல்லத்தில் ஹோல்கர் அவளை யாரோ என்று பார்த்தான். கேக்கைக் கிள்ளி உதட்டில் வைத்தாள். மென்றான். அவள் யாரென்று கேட்கக்கூட இல்லை. இருட்டும்வரை இருந்துவிட்டு வந்தாள்.

அடுத்த வாரம் அந்தப் பண்ணையின் பன்றிகள் வந்தன.

"இந்தா, உன் தம்பி பழையபடி சாய்ச்சு அடிச்சிருக்கான்!" என்றாள் பென்டே.

ராக்னில்ட் பார்த்தாள். யெப்பேக்கு மனசு உறுத்தியிருக்க வேண்டும். எண் சாய்ந்துதான் இருந்தது, வலப்பக்கமாக.

"ஆமா," என்று சொல்லிவிட்டு அடுத்த பன்றியின் நெஞ்சுக்குள் கையை விட்டாள்.