முன்னால் கறுப்பு, பின்னால் கத்திரிப்பூ

என் கல்யாணப் புடவை என்ன நிறம் என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல வராது. மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. எனக்குப் பத்தொன்பது வயது. அந்த வயதில் கல்யாணமாகாமல் இருந்தவளைப் பார்த்து எங்கள் குமாரபாளையத்துப் பெண்கள் உச்சுக்கொட்டுவார்கள். அப்பா இல்லாத என்னை வளர்த்தவர் தாய்மாமன். சேலத்தில் மாப்பிள்ளை அமைந்த பிறகுதான் அவர் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

மாமனாராக வரவிருந்தவர் பட்டு வேட்டி நெய்கிறவர். முப்பது வருஷமாக அவர் தறியில் ஓடியது வெள்ளை மட்டுமே. நீளவாக்கில் கட்டும் பாவும் வெள்ளை, குறுக்கே ஓடும் ஊடையும் வெள்ளை. மருமகளுக்குக் கூறைப்புடவையைத் தன் கையால் நெய்ய வேண்டும் என்று அவருக்கு ஆசை. பெண் பார்க்க வந்த அன்று, "உனக்கு என்ன கலரு புடிக்கும் சாமி?" என்று என்னிடமே கேட்டார். பெண்ணிடம் அதையெல்லாம் யாரும் கேட்காத காலம். அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. மாப்பிள்ளையை அதற்கப்புறம்தான் பார்த்தேன். "கத்திரிப்பூங்க" என்றேன். அவர் சிவப்புப் பாவு கட்டி, கருநீல ஊடை ஓட்டினார்.

கூறைப்புடவையை மடிப்புக் கலைக்காமல் தாம்பாளத்தில் வைத்து, பெரியவர்கள் எல்லோரும் தொட்டுக் கொடுத்த பிறகே பிரிக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். தாம்பாளத்தில் இருந்தவரை அது அசல் கத்திரிப்பூ. என் தாய்மாமனும் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார். உள்ளே போய்க் கட்டிக்கொண்டு பந்தலுக்கு வந்தேன். காலை வெயில் பந்தலுக்கடியில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் என் கொசுவத்தையே உற்றுப் பார்த்தார்கள்.

"ஏனுங்க, இது கறுப்பில்லாம வேற என்னங்க?" என்று தாய்மாமன் எழுந்துவிட்டார். "கறுப்பக் கட்டீட்டு என்ற மருமவ மணையில உக்கார மாட்டா."

"கத்திரிப்பூங்க. நானே நெய்ஞ்சதுங்க" என்றார் மாமனார்.

எனக்குப் பின்னால் இருந்த பெண்களும் கத்திரிப்பூதான் என்றார்கள். முன்னால் இருந்த ஆண்கள் கறுப்பு என்றார்கள். பந்தல் முழுக்க நெசவாளிகள். நிறம் பார்த்தே சோறு தின்கிறவர்கள். ஒரு புடவையின் நிறத்தில் அவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் பருத்தி நெய்கிறவர்கள். பருத்தி வெளிச்சத்தைக் குடித்துவிடும், எப்படிப் பார்த்தாலும் ஒரே நிறம். பட்டு அப்படியில்லை.

கொஞ்ச நேரத்தில் மாமனார் தலைக்கட்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "என்ற கண்ணு ஏமாத்திருச்சுங்க. கடையில வேற புடவ ஒண்ணு வாங்கியாறனுங்க" என்றார். கண்ணை நம்பிப் பிழைக்கிற மனிதர், நூறு பேர் நடுவில் தன் கண்ணையே குற்றம் சொன்னார். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. எதன்மேல் கோபப்படுவதென்று தெரியாமல் குனிந்து புடவையைப் பார்த்தேன். கொசுவம் கறுத்துக் கிடந்தது. முந்தானையை முன்னால் இழுத்தேன். அது கத்திரிப்பூ.

எனக்குப் பிடிபட்டுவிட்டது. இடுப்பைச் சுற்றும்போது பாவு நூல் பக்கவாட்டில் ஓடுகிறது. முந்தானையில் அதே நூல் மேலிருந்து கீழே தொங்குகிறது. பட்டு இழை விழுகிற வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி திருப்பி அனுப்புவதில்லை. நூலைத் திருப்பினால் நிறமும் திரும்புகிறது. வெள்ளையில் வெள்ளை நெய்தவருக்கு இது தெரிய வழியே இல்லை. தறியில் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தார், கத்திரிப்பூ தெரிந்தது, நெய்தார்.

கல்யாணப் பெண் வாய் திறக்கக் கூடாது. நான் திறந்தேன். "மாமா, இதப் பாருங்க" என்று முந்தானையைத் தாய்மாமன் முன்னால் விரித்து நேராகப் பிடித்தேன், பிறகு குறுக்காகத் திருப்பினேன். கத்திரிப்பூ, கறுப்பு. அவர் வாங்கி நாலைந்து தடவை தானே திருப்பிப் பார்த்தார். இதுவரை செய்த சண்டையை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. "முந்தானைய முன்னால போத்தீட்டு உக்காரு. நேரமாவுது" என்றார். வேர்த்து ஒழுக, போர்த்திக்கொண்டே தாலி கட்டிக்கொண்டேன்.

சேலத்துக்குப் போய் ஒரு வாரம் இருக்கும். தறிக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்துதான் என் மாமியார் ஊடைக்கு நூல் சுற்றுவது வழக்கம் என்று அப்போதுதான் கண்டேன். அந்த இடத்திலிருந்து பார்த்தால் துணி குறுக்காகத் தெரியும்.

"அத்தே, உங்களுக்கு என்ன கலரா தெரிஞ்சுதுங்க?"

கை நிற்காமல் அவர் சொன்னார்: "நெய்ஞ்ச நாப்பது நாளும் கறுப்புத்தான் சாமி. தெனமும் பொழுது சாய, 'கத்திரிப்பூ எப்பிடி இருக்குது பாரு'ன்னு கேப்பாரு. நல்லா இருக்குதுன்னே சொல்லீட்டேன்."

"கல்யாணமே நின்னிருக்குமேங்க?"

"அந்த பயத்துல நானும் தூங்கல. அவரு மொகத்தப் பாத்தா சொல்ல வாய் வரல."

கோபமாகத்தான் கேட்டேன், அந்தக் கோபத்தை மேற்கொண்டு இழுக்க முடியவில்லை. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து நூல் சுற்ற ஆரம்பித்தேன். மாமனார் கண் மூடும்வரை நாங்கள் இரண்டு பேரும் அதை அவரிடம் சொல்லவே இல்லை.