போன வருடத்துக் காவிரி

இரண்டு ஆடிக்கு முன்னால், பதினெட்டாம் பெருக்கு அன்று, விடிந்தும் விடியாத நேரத்தில் ஸ்ரீரங்கத்தில் நடந்தது இது. அன்று காலை நான் ரொம்ப நிம்மதியாக இருந்தேன். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். எல்லாம் அந்த நிம்மதியிலிருந்துதான் கிளம்பியது.

வீட்டிலிருந்தபடியே பூஜைப் பெட்டிகள் செய்து விற்கிறேன். ஆடிப்பெருக்குக்குக் காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, குங்குமம், ஒரு பொட்டலம் காப்பரிசி, எல்லாம் ஒரு சின்ன ஓலைப்பெட்டிக்குள். வரலட்சுமி நோன்புக்கு வேறு பெட்டி, கார்த்திகைக்கு வேறு. பெட்டி கட்டுவதில் எனக்குச் சலிப்பே வந்ததில்லை. என்னை அரித்தது கைப்பேசி. தினம் ஒரு போஸ்ட், இரண்டு ஸ்டேட்டஸ், வாரத்துக்கு மூன்று ரீல்ஸ் போட்டால்தான் வியாபாரம் நிலைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, சாதம் வடிக்கும்போதும் கஞ்சியில் ஒரு கண், திரையில் ஒரு கண் என்று அலைந்தேன். குளிக்கும்போது வெளியே அது அதிர்ந்தால் ஈரத்தோடு ஓடி வருவேன். யாராவது வெறும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருப்பார்கள்.

தில்லைநகரில் நைட்டி விற்கிற தோழி ஒருத்தி எனக்கு உண்டு. அவள்தான் ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் கத்தினாள்.

"ஏண்டி பேயறைஞ்ச மாதிரி அலையுற? ஒரு மத்தியானம் உக்காந்து பத்து நாளைக்கும் மொத்தமா ஏத்தி வச்சிடு. அது பாட்டுக்கு நேரத்துக்கு நேரம் போகும். எங்கேன்னு யாராவது கேட்டா மேப்பு தானாப் போற மாதிரி வச்சிடு. போன் சத்தத்தை அமுக்கிட்டுப் போயி வேலையப் பாரு."

அப்படியே செய்தேன். ஆடி பிறந்த வாரத்தில் ஒரு மத்தியானம், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, வரப்போகிற நாட்களையெல்லாம் முன்கூட்டியே பேசி முடித்தேன். பதினெட்டாம் பெருக்குக் காலைக்கு என்னிடம் ஒரு நல்ல வீடியோ இருந்தது. போன வருடம் எடுத்தது. மேலூர் தாண்டி, வாழைத்தோப்புக்குப் பின்னால் ஒரு சின்னப் படித்துறை. முழங்கால் அளவு தண்ணீர், அதற்குள் கூழாங்கல் தெரிகிறது, நாலைந்து பெண்கள் நின்று பூ விடுகிறார்கள். பின்னணியில் என் குரல். அங்கே ஐந்தாவது படி உடைந்து பள்ளமாகக் கிடக்கும். அது அசிங்கமாகத் தெரியுமே என்று கோணம் பார்த்து, அதை விலக்கித்தான் எடுத்திருந்தேன். மேலே இப்படி எழுதினேன்: 'இன்று காலை, இதோ நம் காவிரி! கூட்டமே இல்லாத படித்துறை. வாங்க!' எங்கே என்று கேட்பவர்களுக்கு அந்தப் படித்துறைக்கான வழி தானாகப் போகும்படியும் வைத்தேன்.

அதற்கப்புறம்தான் மேட்டூர் நிரம்பியது.

பெருக்குக்கு இரண்டு நாள் முன்பு பாலத்தில் நின்று நானே பார்த்தேன். தண்ணீர் காவி நிறத்தில், கரைக்குக் கரை முட்டி, மரக்கிளைகளைப் புரட்டிக்கொண்டு போனது. ஆற்றுக்குள் யாரும் இறங்கக் கூடாது என்று மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். எல்லாவற்றையும் கேட்டேன். பெருக்கு நாளுக்காக அம்மா மண்டபம் படித்துறைக்குப் பக்கத்தில் போடவிருந்த சின்னக் கடையைத் தெருவுக்குள் தள்ளிப் போட்டுக்கொண்டேன். ஆனால் அந்த வீடியோ நினைவுக்கு வரவில்லை. ஏற்றி வைத்த அன்றே அது முடிந்துவிட்டது என்று மனசு கணக்கை மூடிவிட்டது. அது முடியவில்லை. பெருக்கன்று விடியற்காலை ஐந்தரை மணிக்காகக் காத்திருந்தது.

அன்று காலை அம்மா மண்டபம் போகும் சாலையில் தடுப்புக் கம்பி போட்டிருந்தார்கள். ஆற்றுக்கு விடாமல், மேலேயே குழாய் கட்டிக் குளிக்கத் தண்ணீர் விட்டார்கள். என் கைப்பேசி பையின் அடியில், ஓலைப்பெட்டிகளுக்குக் கீழே, வாய் மூடிக் கிடந்தது. நான் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தேன். வாங்க வந்த ஒரு அம்மா சாதாரணமாகக் கேட்டார்.

"இங்கதான் விட மாட்டேங்கறாங்க. மேலூர்ல அந்தச் சின்னப் படித்துறையில விடுறாங்களாமே? உங்க வீடியோவுல இப்பத்தான் பார்த்தேன். தண்ணி அழகா இருக்கு."

கையிலிருந்த காசு அப்படியே நின்றது. பையைக் கவிழ்த்துக் கைப்பேசியை எடுத்தேன். பெட்டிகள் உருண்டன. அந்தப் பதிவுக்குக் கீழே வரிசையாக 'எங்கே அக்கா?', 'எந்த இடம்?' என்று கேட்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் என் பெயரில், சிரிக்கிற பொம்மையோடு, வழி போயிருந்தது. நான் சில்லறை எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் நானே அத்தனை பேரையும் ஆற்றுக்குக் கூப்பிட்டிருக்கிறேன்.

அழித்தேன். ஆனால் அதற்குள் பலர் அதை எடுத்துத் தங்கள் ஸ்டேட்டஸில் வைத்திருந்தார்கள். அதை நான் எப்படி அழிக்க?

தடுப்புக்குப் பக்கத்தில் நின்ற பெண் போலீஸிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, விடியக்காலத்துலேர்ந்து வராதீங்க வராதீங்கன்னு தொண்டை கிழியக் கத்துறோம். நீங்க சாவகாசமா வாங்கன்னு போடுறீங்களா?" என்று சொல்லிக்கொண்டே வயர்லெஸ்ஸை எடுத்தார். "சொல்லிட்டேன். ஆள் வரும். ஆனா எல்லாரும் இங்க நிக்கறோம், கொஞ்சம் நேரமாகும்."

அந்தக் கொஞ்ச நேரத்தை வைத்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. பக்கத்துப் பூக்காரம்மாவிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். யாரும் போயிருக்கக் கூடாது, யாரும் போயிருக்கக் கூடாது என்று வழியெல்லாம் வாய்விட்டுச் சொன்னது நினைவிருக்கிறது.

தோப்புப் பாதை முடியும் இடத்தில் ஒரு பைக் நின்றது. அதன் கண்ணாடிகளில் இரண்டு ஹெல்மெட் தொங்கின.

ஆறு இரைச்சல் போடவில்லை. அடித்தொண்டையில் உறுமுவதுபோல ஒரே சீராக ஒரு சத்தம், அவ்வளவுதான். படிகளில் மேலே மூன்று மட்டும் தெரிந்தன. மூன்றாவது படியில், அரக்குப் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு பெண் நின்றாள். கல்யாணமாகிச் சில வாரங்கள் இருக்கும். கழுத்தில் மஞ்சள் கயிறு புதுசு. கையில் காய்ந்துபோன கல்யாண மாலை. பெருக்கன்று புதுப்பெண்கள் அதை ஆற்றில் விடுவார்கள். மேல்படியில் அவள் கணவன் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். என் வீடியோவில் இருந்த அதே கோணம். அவள் கால் விரலால் நாலாவது படியைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நில்லு! கால வைக்காத!"

அவள் திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு. "ஏங்க, இது அந்த வீடியோ அக்கா குரலுங்க! அக்கா, நீங்கதானே?"

"நான்தான். மேல ஏறு முதல்ல."

"முழங்கால் தண்ணிதானேக்கா? நீங்கதான் போட்டிருந்தீங்க."

"அது போன வருஷத்துத் தண்ணிம்மா."

அவன் கைப்பேசியைத் தாழ்த்தினான். "இன்னைக்குக் காலையிலன்னு எழுதியிருந்துச்சேங்க?"

இரண்டு படி இறங்கிக் கையை நீட்டினேன். அவள் தயங்கினாள். "மாலையை மட்டும் விட்டுட்டு ஏறிடறேன்க்கா. உப்பிலியபுரத்துலேர்ந்து நாலு மணிக்குக் கிளம்பி வரோம்."

"அஞ்சாவது படி கிடையாதும்மா. உடைஞ்சு பள்ளமாக் கிடக்கு. வீடியோவுல தெரியாத மாதிரி நான்தான் எடுத்தேன்."

அவள் சிரிப்பு அடங்கியது. கையைக் கொடுத்தாள். அந்தக் கை இன்னும் என் கையில் இருக்கிறது.

மூவரும் மேல்படியில் ஏறி நின்றபின், அங்கிருந்தே அவள் மாலையை வீசினாள். தண்ணீரில் விழுந்ததும் அது மிதக்கவில்லை. கீழேயிருந்து யாரோ பற்றி இழுத்ததுபோல ஒரு முனை உள்ளே போனது, மறு முனை ஒரு நொடி நிமிர்ந்து நின்றது, அப்புறம் வெறும் தண்ணீர். வளைவில் எங்காவது மேலே வரும் என்று மூவரும் பார்த்துக்கொண்டே நின்றோம். வரவில்லை. அந்தப் பெண் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அவன்தான் மெதுவாகப் பேசினான். "மண்ணச்சநல்லூர்ல டீ குடிக்கறப்பவே தண்ணி ஜாஸ்தின்னாங்க. திரும்பிடலாம்னு வண்டியக்கூடத் திருப்பிட்டேன். அப்பத்தான் உங்க வீடியோ வந்துச்சு. கொள்ளிடத்துல அவ்வளவு தண்ணி போகுதே, எல்லாத்தையும் அங்க திருப்பி விட்டுட்டாங்க, அதான் காவேரி இப்படி அமைதியா இருக்குன்னு இவதான் சொன்னா."

"நான் எங்கங்க சொன்னேன்? அக்கா சொன்னாங்க" என்றாள் அவள். கணவனிடமிருந்து தப்பிக்கத்தான் அப்படிச் சொன்னாள். ஆனால் உண்மை அதுதான். திருப்பின வண்டியை மறுபடி ஆற்றுப் பக்கம் திருப்பியது நான்.

அழுவதற்கு நேரமில்லை. பாதையில் ஆள் சத்தம் கேட்டது. ஸ்கூட்டரைத் தோப்புப் பாதைக்குக் குறுக்கே நிறுத்தினேன். அந்தப் பெண்ணின் கணவனிடமே என் கைப்பேசியைக் கொடுத்து, எனக்குப் பின்னால் ஆறு தெரியும்படி பிடிக்கச் சொன்னேன். வியர்வையும் கலைந்த தலையுமாக நின்று பேசினேன்: இதுதான் இப்போதைய காவிரி. காலையில் நான் போட்டது போன வருடத்து வீடியோ. தப்பு என்னுடையது. இங்கே யாரும் வராதீங்க. ஒரே தடவைதான் எடுத்தோம். அப்படியே போட்டேன்.

காவலர் ஒருவர் கயிறோடு வந்து சேரும்வரை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. வீடியோவைப் பார்த்து வந்தவர்கள் சும்மா திரும்பவில்லை. ஒரு பெரியவர், "வாங்கன்னதும் நீங்க, போங்கன்றதும் நீங்களா? நல்லா இருக்கும்மா உங்க வியாபாரம்" என்றார். நியாயம்தானே, வாங்கிக்கொண்டேன். லால்குடியிலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் வந்து இறங்கி, ஒரு சொம்பு மொண்டுகொண்டு போகிறோம் என்று மல்லுக்கு நின்றார்கள். என் பேச்சு எடுபடவில்லை. அப்போது அந்தப் புதுப்பெண் எழுந்து வந்தாள். "என் மாலை போன போக்கை நான் பார்த்தேன். வேண்டாங்க" என்றாள். தூக்கிய சொம்பை அவர்கள் கீழே இறக்கினார்கள்.

சத்தம் கேட்டு வந்த வாழைத்தோப்புக்காரர், தோப்பிலிருந்த பம்புசெட்டை ஓட்டிவிட்டார். தொட்டித் தண்ணீரிலேயே எல்லோரும் மஞ்சள் கரைத்து, பூ விட்டுக் கும்பிட்டார்கள். ஸ்கூட்டர் டிக்கியில் ஒரு பெட்டி மிச்சம் கிடந்தது. அதை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். காப்பரிசியை வாயில் போட்டுக்கொண்டு, "வெல்லம் கொஞ்சம் கம்மிக்கா" என்றாள்.

சாயந்தரம் தோழியைக் கூப்பிட்டு எல்லாம் சொன்னேன். "அப்ப எல்லாத்தையும் மூடிட்டுப் போகப் போறியா?" என்று கேட்டாள்.

"மாட்டேன்" என்றேன். அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. மூடிவிட்டால் நான் செய்த தப்பு தப்பாகவே நின்றுவிடும். பழையபடி ஈரத்தோடு ஓடிவரவும் மனமில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கத்தான் வேண்டும், அதைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று மறுநாளே உட்கார்ந்தேன்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது, எந்த ஊருக்கெல்லாம் அனுப்புவேன் என்பதையெல்லாம் இப்போதும் முன்கூட்டியே ஏற்றித்தான் வைக்கிறேன். அவை எந்த நாளில் போனாலும் பொய்யாகாது. 'இன்று' என்ற சொல் வருகிற எதையும் அன்றைக்குக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போடுவேன். பழைய படமென்றால் ஓரத்தில் வருடத்தை எழுதிவிடுவேன். காலையில் பாலைக் காய்ச்சும்போதே, இன்றைக்கு என் பெயரில் என்ன போகப்போகிறது என்று ஒருதரம் திறந்து பார்த்துவிடுவேன். அடுப்பில் பால் பொங்குவதற்குள் முடிந்துவிடும். வழி சொல்லும் தானியங்கிப் பதிலை எடுத்துவிட்டேன். இப்போது அது ஒன்றே ஒன்றுதான் சொல்கிறது: காலை பத்து மணிக்கு நானே பதில் சொல்கிறேன். பத்திலிருந்து பத்தரை, சாயந்தரம் நாலிலிருந்து நாலரை. மற்ற நேரமெல்லாம் கைப்பேசி அலமாரியில். யாரும் ஓடிப்போகவில்லை. கோபித்துக்கொண்ட ஒன்றிரண்டு பேரும் மறுநாள் பத்து மணிக்குச் சரியாக வந்து ஆர்டர் சொன்னார்கள்.

அந்த உப்பிலியபுரத்துப் பெண் இப்போதும் என் பக்கத்தைப் பார்க்கிறாள். நான் எந்தப் படம் போட்டாலும், அது கார்த்திகை விளக்காக இருந்தாலும், காய வைத்த மஞ்சளாக இருந்தாலும், கீழே முதல் ஆளாக வந்து கேட்பாள்: 'அக்கா, இது எந்த வருஷத்துத் தண்ணி?' படிக்கிறவர்களுக்கு ஒன்றும் புரியாது. நான் மட்டும் சிரித்துக்கொண்டே பதில் எழுதுவேன். அவள் கேலியாகத்தான் கேட்கிறாள், ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாத எதையும் அன்றிலிருந்து நான் யாருக்கும் அனுப்புவதில்லை.