சுடலைமுத்து எழுதிய பலகை

தமிழ்ப் பேராசிரியர் சுடலைமுத்து போய்விட்டார் என்று அவருடைய மகள் போனில் சொன்னபோது நான் டவுண் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை அவர்.

அது என்ன வேலை என்று அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும். அதே கல்லூரியில் வேதியியல் நடத்திய நான் தாமிரபரணித் தண்ணீரைச் சோதித்துக் கொடுப்பேன். ஊருக்குப் புரியும்படி அவர் அதைப் படித்துறைப் பலகையில் எழுதுவார். முதல் தடவை நானே எழுதிக்கொண்டு போனேன்: "கோலிஃபார்ம் கிருமிகள் அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டியுள்ளன." படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் அவர் அதைப் படித்துக் காட்டினார்.

"அனுமதி குடுத்தது யாரு சார்?" என்றாள் அவள்.

நான் சிரித்துவிட்டேன். "சிரிக்காதீரும் வே. பதில் இருந்தா சொல்லும்" என்றார். அதன்பின் எந்த வரியையும் படித்துறையில் படித்துக் காட்டாமல் அவர் பலகையில் ஏற்றியதில்லை.

கடைசியில் அவர் எழுதியது இவ்வளவுதான்: "மேலே ஊர்ச் சாக்கடையை ஆற்றில் விடுகிறார்கள். இங்கே குடிக்காதீர்கள், பிள்ளைகளைக் குளிப்பாட்டாதீர்கள்." ராத்திரியோடு ராத்திரியாக அந்தப் பலகை காணாமல் போனது. அதன் இடத்தில் "இந்நீர் குடிக்க உகந்ததல்ல" என்று ஒரு தகரம். தகரத்தை மாட்டிய நகராட்சி அதிகாரியிடம் போய் நின்றோம். "முதல் வரிதான் சார் பிரச்சினை. திருவிழா நேரம் பாருங்க" என்று டீ வரவழைத்தார். சுடலைமுத்து டீயைத் தொடவில்லை. "சாக்கடைய விட்டவனச் சொல்லாம ஆத்து மேல பழியப் போடுதீங்களே, நல்லாருக்கா?" என்று கேட்டுவிட்டு எழுந்தார். பிறகும் பலமுறை அந்த அலுவலகத்துக்கு நடந்தார். பலகை திரும்பவில்லை.

போன வாரம் அவருக்குப் படத்திறப்பு. படத்தைத் திறந்துவைத்தவர் அதே அதிகாரி. தாமிரபரணியின் தவப்புதல்வர் என்று குரல் தழுதழுக்கப் பேசினார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் எழுந்து, "அவரு எழுதுன பலகை இப்ப எங்கன கெடக்கு?" என்று கேட்டேன். பக்கத்திலிருந்தவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "எரங்கல் கூட்டத்துல போயி இதையா கேக்கது? பைய உக்காருங்க அண்ணாச்சி." செத்தவரைப் புகழலாம், அவர் கேட்டதை மட்டும் கேட்கக் கூடாது. நல்ல நியாயம்தான்.

அன்றைக்கு மாலை போட வந்த நண்பர்களே, உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான். இன்றைக்கும் அந்தத் தகரத்துக்கு அடியிலேயே பிள்ளைகள் வாய் கொப்பளிக்கிறார்கள். அவருடைய படத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவருடைய இரண்டு வரி போதும். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை அவற்றைப் புதுப் பலகையில் எழுதிப் படித்துறையில் மாட்டப்போகிறேன், முதல் வரியோடு சேர்த்து. கழற்ற வருகிறவர் பகலில் வரட்டும். நான் பக்கத்திலேயே நிற்பேன்.