மூன்றாம் ரூமில் சூடு இல்லை

திரையில் மூன்றாம் ரூம் ஒன்பது டிகிரி என்று சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. நான் ஜெர்க்கின் போட்டுக்கொண்டு அந்த ரூமுக்குள்ளேயே நின்றிருந்தேன். சுவர் தெர்மாமீட்டர் ஐந்து காட்டியது. பல் கிடுகிடுத்தது. வெளியே வந்து பார்த்தால் திரையில் ஒன்பது ஒன்பதரை ஆகியிருந்தது.

நாச்சாரத்தில் ஒரு மருந்துக் கிடங்கில் நான் இன்ஸ்ட்ருமெண்ட் டெக்னீஷியன், பெயர் ஸ்டெல்லா. அங்கே ஆறு கோல்டு ரூம்கள். தடுப்பூசியும் இன்சுலினும் இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும். எட்டைத் தாண்டிய ரூமின் சரக்கு வெளியே போகக்கூடாது. சென்சார்களுக்கு நான்தான் பொறுப்பு என்பதால் அன்று காலை எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

1. தேவராஜ் அண்ணனின் ப்ரோகிராம்

திரையில் ஓடிய ப்ரோகிராமை எழுதியவர் எங்கள் ஸ்டோர் சூப்பர்வைசர் தேவராஜ். லாலாகூடா ரயில்வே காலனியில் வளர்ந்தவர். அவருடைய அப்பா ஜோலார்பேட்டையிலிருந்து ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்தவர். ஒவ்வொரு ரூமாகப் போய் டெம்பரேச்சர் பார்த்து வருவது தேவராஜ் அண்ணன் வேலை. அந்தக் குளிர் அவருடைய முட்டிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சில நாள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். அமீர்பேட்டில் மாலை வகுப்பில் சேர்ந்து ஜாவா படித்தார். சென்சார்களிலிருந்து வரும் ஆறு எண்களையும் அர்ரே என்ற வரிசைப் பட்டியலில் வாங்கித் திரையில் காட்டும் ப்ரோகிராமை அவரே எழுதினார்.

முதலில் அது நிற்காமல் ஓடவில்லை. ஐந்து வரி காட்டிவிட்டு நின்றுவிடும். இண்டெக்ஸ் 6 எல்லைக்கு வெளியே இருக்கிறது, நீளமே 6தான் என்று ஆங்கிலத்தில் சிவப்பாக ஒரு வரி வரும்.

"ரூம் ஆறு, வர்ற நம்பரும் ஆறு. அப்புறம் ஆறு இல்லேன்னு கைக்கும்மா சொல்லுது?" என்று என்னிடம் கேட்டார். கைக்கு என்றால் அவர் காலனிப் பேச்சில் ஏன் என்று அர்த்தம்.

எனக்கு ஒயர் தெரியும், ஜாவா தெரியாது. இரண்டு பேரும் அந்த வரியைப் பார்த்தபடி விழித்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் வகுப்பில் விசாரித்து வந்தார். அர்ரேயில் எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குமாம். ஆறு இடங்களுக்கும் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரைதான் எண்களாம். ஒவ்வொரு இடமாகப் போய்ப் படிக்கும் லூப்பில் i <= 6 என்று எழுதியிருந்ததில் சமக்குறியை எடுத்தார். சிவப்பு வரி போய்விட்டது. ப்ரோகிராம் நிற்காமல் ஓடியது. அன்று எல்லாருக்கும் அவர் செலவில் உஸ்மானியா பிஸ்கட்.

அதற்குப் பிறகும் திரையில் ஐந்து ரூம்தான் தெரிந்தது. ஆறாவது ரூம் புதிது, சரக்கு வைக்காமல் சும்மா ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்றார் தேவராஜ் அண்ணன். நானும் சரி என்றேன். மேனேஜர் மேடம், திரையிலேயே எல்லாம் தெரிகிறதே, இனி ரூம் ரூமாகப் போய்ப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

2. எந்த ரூம்?

மூன்றாம் ரூம் சிவப்பாக மின்னிய அன்று காலை, அதன் சென்சாரை மாற்றினேன். திரையில் பத்து டிகிரி. கேபிளை மாற்றினேன். அதற்குப் பிறகும் ஏறியதே தவிர இறங்கவில்லை. மேடம் என் சென்சாரை நம்புவதா, சுவரில் தொங்குவதை நம்புவதா என்று தெலுங்கில் கேட்டார். மூன்றாம் ரூம் சரக்கைத் தொடக்கூடாது என்று நிறுத்தி வைத்தார். அதை ஏற்ற வந்த ஆஸ்பத்திரி வண்டி வாசலில் நின்றது. ப்ரோகிராமில் ஏதாவது இருக்குமா என்று கேட்டேன். சிவப்பு வரி ஒன்றும் வரவில்லையே என்றார் தேவராஜ் அண்ணன். என் கையின் மேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மதியம் லோடிங் ஆட்கள் இரண்டாம் ரூம் கதவைத் திறந்து வைத்துப் பெட்டி இறக்கினார்கள். திரையில் முதல் ரூமின் எண் ஏறியது. முதல் ரூம் பூட்டிக் கிடந்தது. இரண்டாம் ரூம் கதவைச் சாத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் முதல் ரூமின் எண் இறங்கியது. எனக்குக் குழப்பம் இன்னும் கூடியது. ஆனால் பிடித்துக்கொள்ள ஒரு நுனி கிடைத்த மாதிரியும் இருந்தது.

மூன்றாம் ரூமுக்குள் போய் சென்சாரை உள்ளங்கையில் பொத்திப் பிடித்துக்கொண்டேன். திரை முன்னால் இருந்த தேவராஜ் அண்ணனுக்கு ஃபோன் போட்டேன்.

"அண்ணே, இப்ப எந்த ரூம் ஏறுது?"

"ரெண்டு ஏறுதும்மா."

"மூணு?"

"மூணு அசையல." பிறகு மெதுவாகச் சொன்னார், "அப்போ மூணுன்னு காட்டுதே, அது..."

அவர் முடிக்கும் முன்பே நான் நான்காம் ரூமை நோக்கி ஓடினேன். கதவைத் திறந்ததும் தெரிந்தது, உள்ளே குளிரே இல்லை. குளிர்காற்றை ஊதும் ஃபேன் ஐஸ் கட்டி நின்றிருந்தது. தெர்மாமீட்டரில் பதினொன்று.

ப்ரோகிராமைப் பிறகுதான் உட்கார்ந்து பார்த்தோம். அர்ரேயில் முதல் ரூமின் எண் பூஜ்யமாம் இடத்தில் இருந்தது. லூப்போ ஒன்றிலிருந்து தொடங்கியது. முதல் ரூமை யாருமே பார்க்கவில்லை. இரண்டாவது ரூம் ஒன்று என்ற பெயரிலும், நான்காவது ரூம் மூன்று என்ற பெயரிலும் திரைக்கு வந்துகொண்டிருந்தன. சமக்குறியை எடுத்ததில் சிவப்பு வரிதான் போயிருந்தது, தப்பு போகவில்லை.

3. பிறகு

மூன்றாம் ரூம் சரக்கு அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குப் போனது. நான்காம் ரூமிலிருந்த இன்சுலின் பரிசோதனைக்குப் போய்த் தேறி வந்தது. அங்கிருந்த தடுப்பூசிகளைத் தயாரித்த கம்பெனி அவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது. எல்லாவற்றையும் எரிக்க அனுப்பினார்கள். பெட்டிகளை வண்டியில் ஏற்றும்போது தேவராஜ் அண்ணன் பக்கத்திலேயே நின்றிருந்தார். அதற்கு முன்பே, யாரும் கேட்காமலேயே மேடத்திடம் போய், இது என் ப்ரோகிராம், ஸ்டெல்லாவின் சென்சாரில் தப்பில்லை என்று சொல்லியிருந்தார்.

ரூம் ரூமாகப் போவது திரும்ப ஆரம்பித்தது. பாதி ரூம்களை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து என்னைப் பார்த்தார்.

"இதை அழிச்சிடட்டுமா?"

"நக்கோ அண்ணே, அழிக்க வேணாம். சரி பண்ணுங்க."

லூப்பைப் பூஜ்யத்தில் தொடங்கினார். ரூமின் பெயரை எழுதும் இடத்தில் மட்டும் ஒன்று கூட்டினார். திரையில் ஆறு வரி வந்தது. இந்த முறை பிஸ்கட் வாங்கவில்லை. ஒவ்வொரு ரூமாகப் போய் சென்சாரைக் கையில் பிடித்தேன். சரியான எண் ஏறுகிறதா என்று அவர் பார்த்துச் சொன்னார்.

ஆறு ரூம் இருக்கும்போது எதற்காகப் பூஜ்யத்தில் தொடங்க வேண்டும் என்று அவர் இன்றுவரை கேட்கிறார். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். பிழைச் செய்தி மறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு எழுந்துவிடாதீர்கள். திரையில் தெரியும் எண் எந்த ரூமிலிருந்து வருகிறது என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.