சிங்கனுக்கும் கறுப்பிக்கும் நடுவில் இருந்தவர்

பேக்கரியில் பாண் வாங்க வரிசையில் நின்றபோது சேதி வந்தது. துறைமுகத்தில் என்னோடு மூட்டை தூக்கும் நசீர் சைக்கிளை நிறுத்தி, "தம்பிராசா அண்ணை போயிட்டார். நெஞ்சு நோவாம்," என்றான். பாணும் வேண்டாமென்று வரிசையை விட்டு வந்துவிட்டேன்.

கிரேன் ஓட்டிய தம்பிராசா அண்ணையை, அவரோடு வேலை செய்த உங்களுக்குத் தெரியும். துளிகூடப் பொறுமை இல்லாத மனிதர். கப்பல்துறை பஸ் பிந்தினால் நடக்கத் தொடங்கிவிடுவார். பாதி வழியில் பஸ் அவரைக் கடந்து போகும். அதற்கும் ஏசுவார். ஆனால் நான் அவர் வீட்டுப் பின்னறையில் குடியிருந்தவன். நான் கண்ட ஆள் வேறு.

துறைமுகத்தில் சரக்கு அடுக்கும் பழைய கிட்டங்கி ஒன்றை இடித்தபோது, அங்கே திரிந்த கறுப்புப் பூனையை, வந்த வழி தெரியாமலிருக்கச் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நேரே குசினி நடுவில் அவிழ்த்துவிட்டேன். வீட்டுப் பூனை சிங்கன் சட்டிகளை உருட்டிக்கொண்டு கூரைக்குப் பாய்ந்தது. பிறகு ஆளையே காணவில்லை. கப்பலில் போய்க் கடிதம் போடாத அண்ணையின் மகன் வளர்த்த பூனை அது. அண்ணையின் மனைவி செல்வி அக்கா முற்றத்தில் நின்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதார். மறுநாள் அது இறங்கி வந்ததும் என்னிடம் சொன்னார்:

"அவன் வந்து பூனை எங்கயெண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது? இன்னொருக்கா சிங்கன் ஓடினால் உன்ர கறுப்பி மீன் சந்தைக்குத்தான்."

"ஒரு இடமும் போகாது. பொறு," என்றார் அண்ணை. அந்தச் சொல்லை அவர் வாயில் நான் கேட்டதே அன்றுதான்.

கறுப்பியை என் அறையில் பூட்டினார். வேலை முடிந்து வந்ததும் சாரத்தைக் கட்டிக்கொண்டு சிங்கனை மடியில் வைத்திருப்பார். பிறகு அதே சாரத்தோடு என் அறைக்குள் வந்து, கறுப்பிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிலத்தில் இருப்பார். அது வந்து சாரத்தை மணந்து பார்க்கும்வரை அசையமாட்டார். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன். சாரத்தைத் தோய்க்கவும் அவர் விடவில்லை.

"அந்த நாத்தச் சாரத்தோட சோத்துக்கு வராதேங்கோ," என்றார் அக்கா.

"நாறட்டும். நாறினால்தான் அதுகள் ஆளையாள் அறியும்."

அடுத்து, மூடிய கதவின் இரு பக்கமும் சூடை மீன் வைத்தார். சிங்கன் சீறியது, தட்டைத் தொடவில்லை. தட்டைத் தூரத் தள்ளினார். பிறகு நாளுக்குக் கொஞ்சமாகக் கதவருகே நகர்த்தினார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"அண்ணை, திறந்து பாப்பமே?"

"பள்ளிக்கூடத்திலயும் இருக்க ஏலாமல்தான் மூட்டை தூக்க வந்தாய். இங்கயும் ஏலாதோ?"

கறுப்பியின் கதவைத் திறந்த அன்று, முற்றத்துக் கதவையும் பூட்டவிடவில்லை. "பூட்டினால் பயப்படும். போறதெண்டால் போகட்டும்," என்றார். அக்கா வாசலருகே வந்து நின்றார்.

சிங்கன் உரோமம் சிலிர்த்துக் கிட்ட வந்தது. கறுப்பி பதுங்கியது. நான் பாய்ந்து தூக்கப் போனேன். அண்ணை என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து இருத்தினார்.

"விடு. இனி அதுகளின்ர கதை."

சிங்கன் அதை மணந்து பார்த்தது. முன்காலால் ஓர் அறை கொடுத்தது. திறந்த வாசலைப் பார்த்தது. பிறகு அங்கேயே இருந்து காலை நக்கத் தொடங்கியது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

எவ்வளவு பெரிய பாரத்தையும் ஆடாமல் இறக்கிய கை அது. அவ்வளவு நேரமும் என் மணிக்கட்டில் நடுங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் ஒருவரும் அதைக் கண்டிருக்கமாட்டீர்கள். அந்த நடுக்கம் என்னிடம் இருக்கிறது.