களைத்துப்போன கொடுவாக் கப்பித்தான்

நெடுந்தீவில் மாடு வளர்க்கும் அம்புறோஸ் ஒருநாள் கோபத்தில் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு பேசிய பேச்சு, அவர் வாழ்நாளில் காணாத ஊர்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. கோபம் ஒரு சித்திரக்கதையைப் பற்றியது.

எழுபதுகளில் யாழ்ப்பாணத்து அச்சகம் ஒன்றிலிருந்து கொடுவாக் கப்பித்தான் என்ற கப்பல் தலைவனின் கதைகள் மாதம் ஒரு புத்தகமாக வந்துகொண்டிருந்தன. கப்பித்தானை நாயகன் என்று சொல்வது மரியாதைக்காகத்தான். ஆள் கடத்தல்காரன். சுங்கக்காரரை ஏமாற்றுவான், கூட்டாளிகளையும் ஏமாற்றுவான், சீட்டாட்டத்தில் கள்ளம் செய்வான். நடுக்கடலில் தத்தளிப்பவர் எவரையும் கைவிட்டுப் போகமாட்டான் என்பது மட்டும்தான் அவனிடம் இருந்த ஒரே நல்ல குணம். அதிலும், அவர்களைக் கரைசேர்த்த பிறகு விரலில் கிடக்கும் மோதிரத்தைக் கழற்றிக்கொண்டுதான் அனுப்புவான். பாடசாலையில் வேதமும் வீட்டில் புத்திமதியும் கேட்டு வளர்ந்த பொடியன் அம்புறோசுக்கு, எதற்கும் வெட்கப்படாத அந்த மனிதனைப் பார்க்கப் பார்க்க உள்ளே ஒரு காற்று வீசுவதுபோல இருக்கும். இடப்பெயர்வில் புத்தகங்கள் எல்லாம் போயின. கப்பித்தான் போகவில்லை. அறுபது வயதிலும், மாடுகளை மேய்ச்சலுக்குச் சாய்த்துக்கொண்டு கல்வேலியோரம் நடக்கும்போது, பழைய வசனங்கள் அவர் வாயில் தானாக வரும்.

மகள் கைப்பேசி வாங்கிக் கொடுத்த பிறகுதான், தன்னைப்போல இன்னும் ஆட்கள் இருப்பது அவருக்குத் தெரிந்தது. முகநூலில் கப்பித்தானின் இரசிகர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்திருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் கைப்பேசிக் கடை வைத்திருந்த சுஜிதன் அதை நடத்தினான். அம்புறோசுக்கு எழுத்துத் தட்டுவது சரிவராது. ஆகவே குரலில்தான் பேசுவார்.

அப்படியிருக்க, கப்பித்தான் திரும்பி வருகிறான் என்று செய்தி வந்தது. புங்குடுதீவு இறுப்பிட்டியில் பிறந்து, சிறுவயதிலேயே பாரிசுக்குப் போய்விட்ட பிரியதர்சினி என்ற பெண், பழைய ஓவியரின் குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கிப் புதுச் சித்திரக்கதைப் புத்தகம் கீறியிருந்தாள். முதலில் நான்கு பக்கங்களை மட்டும் வெளியிட்டாள். அவற்றைப் பார்த்ததும் குழு இரண்டாய் உடைந்தது. புதிய கப்பித்தான் கிழவன். மீசை நரைத்து, ஒரு காது மந்தமாகி, நங்கூரத்தைத் தூக்க முயன்று முடியாமல் அதன்மேலேயே குந்தியிருந்தான். நோர்வேயில் இருந்த ஒருவர் இது கொலை என்று எழுதினார். கொழும்பு டாக்குத்தர் ஒருவர் காலத்துக்கேற்ற மாற்றம் என்று நீளமாக எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அம்புறோஸ் அந்த நங்கூரத்தைப் பார்த்தார். அவரும் முன்பு கடல்தொழிலுக்குப் போனவர்தான். முதுகெலும்பு தேய்ந்து வள்ளத்தை விற்ற பிறகு, ஒரு வருடம் வரை கடற்கரைப் பக்கமே போகாமல் இருந்தவர். அதையெல்லாம் அவர் பேசவில்லை. கப்பித்தானை நல்லவனாக்கிப் பாவம் பார்க்க வைத்துவிட்டார்கள் என்றும், கள்ளனைக் கள்ளனாக விடத் தெரியாதவர்கள் எதற்குப் பேனையைத் தொட வேண்டும் என்றும்தான் ஏசினார். குழுவில் அவருக்குத் தீவான் என்றுதான் பெயர்; தீவான் சொன்னதுதான் சரி என்று நூற்றுக்கணக்கானோர் கைதட்டினார்கள். குறிகட்டுவான் படகில் ஏறினால் முன்பின் தெரியாதவர்கள்கூட குரலை வைத்து அவரை அடையாளம் கண்டு சிரித்தார்கள். அது அவருக்குப் பிடித்திருந்தது.

அந்தக் கிழமைதான் அவருடைய மனைவி அல்போன்சம்மாவுக்கு யாழ்ப்பாண ஆசுப்பத்திரியில் கண்புரைச் சத்திரசிகிச்சை நடந்தது. சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. என்றாலும் தூசியும் கடல்தண்ணீரும் படக்கூடாது, மறுபடி காட்டிவிட்டுத்தான் தீவுக்குப் போகலாம் என்றார்கள். இருவரும் குருநகரில் அவளுடைய தங்கை ஞானசவுந்தரி வீட்டில் தங்கினார்கள். அங்கே தேடி வந்த சுஜிதன், அச்சாகி வந்த முழுப் புத்தகத்தையும் அம்புறோசின் கையில் கொடுத்தான். வாசித்துவிட்டு இன்னொரு பேச்சுப் பேச வேண்டும், இந்த முறை காணொளியாக எடுக்கலாம், குழு காத்திருக்கிறது என்றான்.

அல்போன்சம்மா கறுப்புக் கண்ணாடியோடு சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். தங்கை வேலைக்குப் போய்விட்டாள். தொலைக்காட்சி பார்க்கவும் ஏலாது. புத்தகத்தைத் தனக்கு வாசித்துக் காட்டச் சொன்னாள். இத்தனை வருடத்தில் கப்பித்தானைப் பற்றி அவள் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

"இதிலை முக்காவாசி படம். படத்தை எப்பிடி வாசிக்கிறது?" என்றார் அம்புறோஸ்.

"வாசிக்க வேண்டாம். என்ன கீறியிருக்கு எண்டு சொல்லுங்கோவன்."

சொல்லத் தொடங்கினார். ஏச வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் தொடங்கினார். ஆனால் புத்தகம் பார்க்கக்கூடாத ஒருத்திக்கு ஒரு படத்தைச் சொல்வதென்றால் முதலில் அதைப் பார்க்க வேண்டியிருந்தது. கிழவன் எங்கே இருக்கிறான், வெயில் எந்தப் பக்கம், கையில் என்ன என்று அவள் விடாமல் கேட்டாள். பேச்சே இல்லாத ஒரு பக்கத்தை அவர் தட்டிவிட்டுப் போகப் பார்த்தபோது, தாள் புரண்ட சத்தம் இரண்டுதரம் கேட்டதென்று பிடித்துவிட்டாள். திருப்பிப் பார்த்தார். கப்பித்தான் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் தனியாக இருந்து தன்னோடு தானே சீட்டாடினான். யாரும் இல்லாத எதிர்க்கதிரையின் சீட்டை எட்டிப் பார்த்துக் கள்ளம் செய்தான். வென்றான். பிறகு வெறும் கதிரையைப் பார்த்துக்கொண்டு இருந்தான். இதைச் சொல்லும்போது அம்புறோசுக்குக் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. அல்போன்சம்மாவோ சத்தமாகச் சிரித்தாள், பிறகு அந்தப் பக்கத்தை இன்னொருதரம் சொல்லச் சொன்னாள்.

மறுநாள் பின்னேரம் மிச்சத்தையும் சொன்னார். கப்பித்தான் அயல்வீட்டுக்காரியின் கோழி முட்டைகளைக் களவெடுத்து, அதே முட்டைகளை அவளுக்கே விற்கும் இடம் வந்தது. அம்புறோஸ் நிறுத்திவிட்டு, கடைசியில் இவனைத் திருத்தித்தான் வைத்திருப்பார்கள், அதுதான் தனக்குப் பொறுக்கவில்லை என்றார்.

"உவன் எங்கை திருந்தினவன்?" என்றாள் அல்போன்சம்மா. "முட்டையைக் கள்ளமாய் எடுத்து முட்டைக்காரியிட்டையே விக்கிறானல்லே. உவன் களைச்சுப் போனான். அவ்வளவுதான்."

அம்புறோஸ் புத்தகத்தை மூடி வைத்தார். எழுந்து போய் வாசலில் நின்றார். தெருவில் வலை ஏற்றிய சைக்கிள்கள் போய்க்கொண்டிருந்தன. வள்ளத்தை விற்ற நாளில், எல்லோரும் வந்து இனி ஓய்வாக இருக்கலாம் என்று சொன்னார்கள். களைத்துப் போனேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அதைக் கேட்கவும் எவரும் இருக்கவில்லை. இப்போது ஒரு கிழட்டுக் கள்ளன் அவருக்காக அந்த இடத்தில் குந்தியிருந்தான். உள்ளே வந்து, கடைசிப் பக்கம் வரை ஒரு மூச்சில் சொல்லி முடித்தார். கப்பித்தான் கடைசிவரை திருந்தவேயில்லை.

காணொளி எடுக்க வந்த சுஜிதன் கைப்பேசியை எதிரே நிமிர்த்தி வைத்துக்கொண்டு நல்ல ஏச்சு ஒன்றுக்காகக் காத்திருந்தான். அம்புறோஸ் கதிரையில் நிமிர்ந்து இருந்து பேசினார்.

"நான் முந்திக் கதைச்சது நாலு பக்கத்தைப் பார்த்துப்போட்டு. இப்ப முழுக்கப் பார்த்தனான், மனுசிக்கும் சொன்னனான். பாரிசிலை இருக்கிற பிள்ளை, கப்பித்தானை நீர் கெடுக்கேல்லை. எங்களைப்போல அவனையும் வயசுபோக விட்டிருக்கிறீர். எனக்கு அது முதலிலை பிடிக்கேல்லை. இப்ப அதுக்குத்தான் உமக்கு நன்றி சொல்லவேணும்."

சுஜிதனின் முகம் சுருங்கியது. உண்மையாகவே இதைப் போடுவதா என்று கேட்டான். போடு தம்பி என்றார். போட்டான்; அதற்காக அம்புறோஸ் இன்றும் அவனை நல்லாய்ச் சொல்லுவார். குழுவில் பலர் கொதித்தார்கள். தீவானுக்கு யாரோ என்னவோ கொடுத்துவிட்டார்கள் என்று எழுதினார்கள். நோர்வேக்காரர் குழுவைவிட்டே போய்விட்டார். சுவிஸிலிருந்து ஒரு பெண் மட்டும், பாரிசவாதம் வந்து படுத்திருக்கும் தகப்பனுக்குத் தானும் படம் சொல்லப்போவதாக எழுதினாள். பிறகு மெல்ல மெல்ல, புத்தகத்தை முழுதாக வாசித்த ஆட்கள் பேசத் தொடங்கினார்கள்.

பிரியதர்சினியும் குரலிலேயே பதில் அனுப்பினாள். முதல் ஏச்சைக் கேட்டு அழுதாளாம். பக்கத்து அறையில் இருந்த அவளுடைய தகப்பன், இது யார், தீவு ஆள் கதைக்கிறமாதிரி இருக்கு என்று எழுந்து வந்து, அதை இன்னொருதரம் போடச் சொல்லிக் கேட்டாராம். அவர் வாய்திறந்து ஒன்றைக் கேட்டு மாதக்கணக்காகிறதாம். "நீங்கள் ஏசினதுக்கும் சேர்த்துத்தான் நன்றி சொல்லுறன், ஐயா," என்று முடித்திருந்தாள். அம்புறோஸ் அதை அல்போன்சம்மாவின் காதில் வைத்துக் கேட்கப் பண்ணினார். அவள் அந்தப் பிள்ளைக்கு ஒரு சொல் சொல்ல வேண்டும் என்று கைப்பேசியை வாங்கி, தகப்பனைக் கவனமாகப் பார்க்கும்படி சொல்லிவிட்டுக் கொடுத்தாள்.

கண்ணைக் காட்டி, நல்லது என்ற சொல் வாங்கிக்கொண்டு இருவரும் ஊருக்குத் திரும்பினார்கள். இப்போது அல்போன்சம்மா தானே புத்தகம் பார்க்கிறாள். சுஜிதன் தேடி எடுத்து அனுப்பிய பழைய கதைகளையும் பார்த்துவிட்டு, அவற்றில் கப்பித்தான் வீண் கூச்சல் போடுகிறான், கிழவன்தான் ஆள் என்கிறாள். அம்புறோஸ் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தக் கூச்சல் இல்லாவிட்டால் இந்தக் கிழவன் எங்கிருந்து வந்தான் என்று கேட்பார். மாடுகள் வேலிக்கு வெளியே நின்று கதறும்வரை இந்த வழக்கு நடக்கும்.

போன ஞாயிறு பூசை முடிந்தும் அம்புறோஸ் முழந்தாளிலிருந்து எழும்பவில்லை. முதுகு பிடித்துக்கொண்டதோ என்று பயந்து அல்போன்சம்மா தோளைத் தொட்டாள்.

"இல்லை," என்றார் அவர். "நன்றி சொல்லவேண்டிய ஆக்கள் கூடிப்போச்சு."

அந்தப் பட்டியலில் ஒரு கடத்தல்காரனும் இருந்ததை அவர் கோயிலுக்குள் வைத்துச் சொல்லவில்லை.