ரெண்டு பேரும் சேர்ந்தால் ஆமாம்

எனக்கு முன்கோபம் உண்டு. கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து நான் ஓய்வு பெற்றேன். கோபம் ஓய்வு பெறவில்லை. தலத்தெரு ஓரத்தில் இருக்கும் முதியோர் இல்லத்துக்கு என்னை அறங்காவலராகச் சேர்த்துக்கொண்டதே அதனால்தான் என்று நினைக்கிறேன். சம்பளமில்லாத வேலை. ஆனால் எங்கேயும் கத்துவதற்கு ஒரு ஆள் வேண்டுமே.

நாங்கள் ஐந்து பேர். பேசுகிறவர்கள் மூன்று பேர்தான். தலைவர் ஒரு டாக்டர். யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாத மனிதர். அடுத்தவர் திருமலைராயன்பட்டினத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாய். என்னை ‘ஆபீசரம்மா’ என்று கிண்டல் செய்வதைக் கடமையாகவே வைத்திருப்பவர். மூன்றாவது நான், செயலாளர். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் இல்லத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கூடுவோம். மீதி இருவரும் வடை வரும்வரை விழித்திருப்பார்கள்.

இல்லத்தில் சேர்வதற்கான படிவத்தை எழுதியது நான். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. எங்களிடம் இரண்டு பகுதிகள். தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்கிறவர்களுக்குத் தனி அறைகள். முடியாதவர்களுக்கு, ஆயாக்கள் கூடவே இருக்கும் பெரிய கூடம். ஓர் அறையில் ஒருவர் இருக்கலாம், அல்லது கணவனும் மனைவியும் இருக்கலாம். யார் எங்கே என்பதைப் படிவத்தின் ஏழாவது கேள்வி தீர்மானிக்கும்: ‘விண்ணப்பதாரர் அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்வாரா? ஆம் / இல்லை.’ வெட்டு ஒன்று, துண்டு இரண்டு.

ஒரு கூட்டத்தின் நடுவில் சுரக்குடியிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். எழுபத்தைந்து வயது இருக்கும். டாக்டரைக் கும்பிடுவதாக நினைத்துத் தூணைக் கும்பிட்டார். கண்ணில் அழுத்தம் வந்து பார்வை பெரும்பாலும் போய்விட்டது. இனித் திரும்பாது என்று சொல்லிவிட்டார்களாம். கணவர் இல்லை, பிள்ளை இல்லை. கூட இருப்பது நாத்தனார். கணவரின் தங்கை. சின்ன வயதிலேயே விதவையாகிப் பிறந்த வீட்டுக்கு வந்தவர். நடவு, களை என்று இருவரும் ஒரே வயலில் குனிந்து, ஒரே அடுப்பில் பொங்கித் தின்று நாற்பது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டார்கள். நாத்தனாருக்கு இடுப்பு எலும்பு முறிந்து, இப்போது கட்டிலிலிருந்து நாற்காலி வரைதான் நடை. இருக்கிற வீடு பங்காளியின் மகனுடையது. அவன் அதை இடித்து மாடி வீடு கட்டப்போகிறான்.

“எங்க ரெண்டு பேருக்கும் ஒரு ரூம்பு குடுத்தீங்கன்னா போதும்ங்க” என்றார்.

நான் படிவத்தை எடுத்தேன். “உங்க வேலைய நீங்களே செஞ்சுக்குவீங்களாம்மா?”

“தனியா முடியாதுங்க. கண்ணு தெரியலையே.”

“உங்க நாத்தனாரு?”

“அவளும் தனியா முடியாதுங்க. காலு வரலையே.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “ரெண்டு பேரும் சேந்தா ஆமாங்க” என்றார்.

அதற்குப் படிவத்தில் கட்டமில்லை. நான் பேனாவைப் பிடித்தபடி டாக்டரைப் பார்த்தேன். அவர் எழுந்து போய் அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, “பாத்துக்கலாம்மா, போயிட்டு வாங்க” என்றார். நானும் தீர்மானப் புத்தகத்தில் ‘பார்த்துக்கொள்ளலாம் எனத் தீர்மானிக்கப்பட்டது’ என்று எழுதினேன். எங்கள் புத்தகத்தில் அந்த வரி இல்லாத பக்கத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

‘பாப்போம்’ என்றால் முடியாது என்று அர்த்தம். நம் ஊரில் அது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ‘பாத்துக்கலாம்’ என்பது வேறு. சொல்கிறவருக்கு அது தள்ளிப்போடுவது. கேட்கிறவருக்கோ அது வாக்கு. பொறுப்பு எங்களுடையது, நீ கவலைப்படாதே என்று தோளைத் தட்டிச் சொல்வது. இத்தனை வருடம் ஆபீசில் உட்கார்ந்து மனுக்களைப் படித்த எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனாலும் அடுத்த கூட்டத்தில் நான் அதை நினைவுபடுத்தவில்லை. மறந்தே போனேன்.

மூன்றாவது மாதம் ஒரு புதன்கிழமை காலையில் எங்கள் வார்டன் போன் செய்தார். “மேடம், குட்டி யானையில ரெண்டு பாட்டிங்க வந்து எறங்கியிருக்காங்க. கட்டிலு, ட்ரங்குப் பெட்டி, அம்மிக்கல்லு எல்லாம் இருக்கு.”

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். போகும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன். வாசலில் அம்மிக்கல்லின் மேல் சுரக்குடி அம்மாள், நாத்தனாருக்கு அண்ணி, உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் நாத்தனார்.

“டாக்டரய்யா பாத்துக்கலாம்னுட்டாருல்ல, அதான் வூட்ட இடிச்சுக்கடான்னு சொல்லிட்டு வந்துட்டோம்” என்றார் அண்ணி. நேற்றே கூரையைப் பிரித்தாகிவிட்டது என்று வண்டிக்காரரும் சொன்னார்.

“பாத்துக்கலாம்னா பெட்டிய கட்டிக்கிட்டு வாங்கன்னு அர்த்தமா?” என்று கத்தினேன்.

“வேற என்னங்க அர்த்தம்?” என்றார் நாத்தனார். கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் டாக்டருக்குப் போன் போட்டேன்.

அன்று மாலையே அவசரக் கூட்டம். காலியாக இருந்தவை ஓர் அறையும், கூடத்தில் ஒரே ஒரு கட்டிலும். விதிப்படி பார்த்தால் இருவருமே கூடத்துக்குத்தான் போக வேண்டும்; அங்கே ஒருவருக்குத்தான் இடம். நாத்தனாரைக் கூடத்தில் வைத்துக்கொண்டு, அண்ணிக்கு வேறு இல்லம் தேடலாம் என்று நான் சொன்னேன். அண்ணியைக் கூப்பிட்டுக் கேட்டோம். “பிரிச்சு வக்கறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. திருநள்ளாறு கோயில் வாசல்ல ரெண்டு பேரு ஒக்கார எடமில்லாமயா போயிடும்?” என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

டாக்டர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தார். “வாக்கு குடுத்தாச்சு ஆபீசரம்மா” என்றார் பாய்.

“குருடும் நொண்டியுமா ஒரே ரூம்ல விட்டுட்டு, விழுந்து செத்தா யாரு பதில் சொல்றது?” என்றேன். அந்த வார்த்தைகளை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கடைசியில் இப்படி முடிவானது. பதினைந்து நாள் அந்த அறையில் விருந்தினராக இருக்கட்டும். நான் தினமும் போய்ப் பார்த்து அறிக்கை தர வேண்டும். சரிவராது என்று நான் எழுதினால் பிரித்துவிடுவது. என்ன எழுதப்போகிறேன் என்று எனக்கு அன்றைக்கே தெரியும்.

தினமும் போனேன். இருவரும் ஒற்றுமையாக இருப்பார்கள் என்று நினைத்தால் அதுதான் இல்லை. விடிந்தால் சண்டை. “வலது பக்கம் போன்னா எடது பக்கம் போறியே அண்ணி, கண்ணுதான் போச்சு, காதுமா போச்சு?” என்பார் நாத்தனார். “ஒக்காந்த எடத்துலேந்து அதிகாரம் பண்ணு நீ” என்று சொல்லிக்கொண்டே அண்ணி சரியாகத் தண்ணீர்ப் பானைக்குப் போய்விடுவார். மாத்திரையைப் பிரித்து வைப்பது நாத்தனார், தண்ணீர் கொண்டுவருவது அண்ணி. நாத்தனாரின் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிக் கழிப்பறைக்குக் கொண்டுபோவது அண்ணி. வழி சொல்வது தூக்கப்பட்டவர். தலைவாரும்போது சிக்கு இழுபட்டால் ஒரு தனிச் சண்டை. நான் குறிப்பேட்டில் குறைகளை எழுதப் பக்கத்தை மடித்துவைத்திருந்தேன். நாலு நாளாகியும் ‘சத்தம் அதிகம்’ என்பதற்கு மேல் எழுத எதுவும் கிடைக்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் நான் வார்டனோடு பேசிக்கொண்டிருந்தபோது எவர்சில்வர் தட்டை டம்ளரால் அடிக்கும் சத்தம் கேட்டது. ஊரையே கூட்டும் சத்தம். ஓடினோம். குளியலறை வாசலில் அண்ணி வழுக்கி உட்கார்ந்திருந்தார். நாத்தனார் நாற்காலியில் இருந்தபடி தட்டை அடித்துக்கொண்டே, “சோப்பு கீழ கெடக்குன்னு சொன்னேன், கேட்டாத்தானே!” என்று திட்டிக்கொண்டிருந்தார். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். விழுந்தது முதல் நாங்கள் போய்ச் சேர்ந்தது வரை ஒரு நிமிடம்கூட இருக்காது. தட்டு எதற்கு என்று கேட்டேன். “வந்த அன்னிக்கே மாட்டி வச்சோம்ங்க. என்னால ஓட முடியாதுல்ல” என்றார் நாத்தனார்.

அண்ணிக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு மூன்றாம் அறைக்காரரின் நினைவு வந்தது. போன வருடம், ஏழாவது கேள்விக்கு அழகான கையெழுத்தில் ‘ஆம்’ என்று எழுதிச் சேர்ந்தவர். காலைக் காப்பி குடித்துவிட்டுக் குளியலறையில் விழுந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லையே என்று போய்ப் பார்த்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அத்தனை நேரம் ஈரத்தரையில் கிடந்திருக்கிறார். பிழைத்துக்கொண்டார். ஆனால் என் கேள்விக்கு ‘ஆம்’ என்ற சரியான விடை ஒருவரைத் தனியாக விழுந்து கிடக்கவும் விட்டுவிடும் என்று அதுவரை எனக்கு உறைக்கவில்லை.

பதினைந்து நாள் முடிந்து கூடிய கூட்டத்தில் நானே எழுந்து சொன்னேன்: “ஏழாவது கேள்வி தப்பு. நான்தான் எழுதினேன். மாத்தணும்.”

“யா அல்லாஹ்! ஆபீசரம்மா தப்புன்னு ஒத்துக்கிட்டாங்க. தேதி போட்டு எழுதிக்கங்க” என்றார் பாய். தூங்கிக்கொண்டிருந்த இருவரும் விழித்துக்கொண்டார்கள். டாக்டர் வாயைத் திறந்தார்.

“பாத்துக்கலாம்னு மட்டும் சொல்லிடாதீங்க” என்றேன்.

“இல்லம்மா. சரின்னுதான் சொல்ல வந்தேன்” என்றார்.

‘தனியாகவோ, உடன் இருப்பவரோடு சேர்ந்தோ’ என்று கேள்வியைத் திருத்தினோம். ‘கணவனும் மனைவியும்’ என்பதை அடித்துவிட்டு ‘சேர்ந்து வாழும் இருவர்’ என்று போட்டோம். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இதற்காகத்தானா இத்தனை பாடு என்று என்மேலேயே எரிச்சலாக வந்தது.

புதிய படிவங்கள் இரண்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனேன். கேட்டுக் கேட்டு நிரப்பினேன். கடைசிக் கட்டத்துக்கு வந்தோம்: ‘அவசரத்தில் தகவல் சொல்ல வேண்டிய உறவினர்.’

“அவளுக்குத்தான் சொல்லணும்” என்றார் அண்ணி.

“அண்ணிக்குச் சொல்லுங்க” என்றார் நாத்தனார்.

வெளியில் இருக்கிற ஒருவரைத்தான் எழுத வேண்டும், பங்காளி மகன் பெயரைச் சொல்லுங்கள் என்று விளக்கினேன். “அவனுக்குச் சொல்லி என்ன ஆவப்போவுது?” என்றார் நாத்தனார். எனக்கும் பிடிவாதம். “சரி, ரெண்டு பேருக்கும் ஒண்ணா ஏதாவது ஆயிட்டா யாருக்குச் சொல்றது?” என்று கேட்டேன்.

அண்ணி என் குரல் வந்த பக்கம் திரும்பினார். “அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே” என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சளி பிடித்திருக்கிறது என்று சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டேன். ஒருவர் படிவத்தில் மற்றவர் பெயரை எழுதினேன். உறவு என்ற இடத்தில் அண்ணி, நாத்தனார். முகவரி என்ற இடத்தில் ‘இதே அறை’. பிறகு இரண்டு படிவத்திலும் அதற்குக் கீழே என் பெயரையும் என் கைபேசி எண்ணையும் எழுதினேன்.